மடியா, மடிப்பா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு ‘க்’ பெரிய சண்டையைக் கிளப்பிவிட்டது. மாலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவுச் சாப்பாடு வரை ஓடியது.

அக்கா மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளியில் கொடுத்த பயிற்சித்தாளில் ஐந்து சொற்கள். பிரித்து எழுதி விளக்கம் தர வேண்டும். நான்காவது சொல் மடிக்கணினி. அவள் யோசிக்கவே இல்லை. ‘மடித்து + கணினி. மடித்து வைக்கும் கணினி’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா எட்டிப் பார்த்தார்.

“மடியில வெக்கிறதுனால மடி. இதுல மடிக்கிறதுக்கு என்னா இருக்கு?”

பேத்தி விடவில்லை. மேசை மேல் திறந்திருந்த கணினியைப் பட்டென்று மூடிக் காட்டினாள். “இது என்னா பாட்டி? மடிக்கலையா?”

“குடையக்கூடத்தான் மடக்குறேன். அத மடிக்குடைன்னா சொல்றேன்? மடக்குக் குடைன்னுதானே சொல்றேன்?”

என்னை நடுவராக்கினார்கள். எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்குத் தெரியும் என்று இருவருக்கும் நம்பிக்கை. ‘ரெண்டும் சரிதான்’ என்று சொல்லிவிட்டுக் கோப்பி கலக்கப் போய்விட்டேன். அப்படி நழுவியதற்கு அபராதமாகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். சுங்கை பாக்காப் பெரிய ஊர் இல்லை. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், முதலாம் கூட்டரசுச் சாலையில், சிம்பாங் அம்பாட்டுக்கும் நிபோங் திபாலுக்கும் நடுவில் இருக்கிறது. நெடுஞ்சாலை வந்த பிறகு வெளியூர்க்காரர்கள் பார்க்காமலே தாண்டிப் போகிற ஊர். 2024 ஜூலையில் சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தபோது இரண்டு வாரம் எல்லாப் பத்திரிகையிலும் பெயர் வந்தது. மூன்றாவது வாரம் பழையபடி ஆகிவிட்டது. இந்த வட்டாரத்து மண் முதலில் கரும்புக்குப் பேர்போனது. தியோச்சூ சீனர்களும் வெள்ளைக்காரத் துரைகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போட்ட கரும்புத் தோட்டங்களுக்குத்தான் நம் ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். கரும்பு போய் ரப்பர், ரப்பர் போய் செம்பனை. இப்போது பத்து காவான் பக்கம் போனால் தொழிற்சாலைக் கூரைகள்.

எங்கள் கடைத்தெருவில் கணினி பழுது பார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரத் தவுக்கே எழுதிக் கொடுக்கும் ரசீதில் மலாயில் ‘கொம்பூட்டர் ரிபா’ என்று இருக்கும். வாயால் பேசும்போது அவர் ‘நோட்புக்’ என்பார். தன் மகனிடம் சீனத்தில் சொல்வது ‘கையில் தூக்கும் மின்மூளை’ என்று பொருள்படும் சொல். கடைக்கு வருகிற நம்மவர்கள் சொல்வது ‘லெப்டாப்’. ஒரே பொருள், ஒரே மேசை, நான்கு பெயர். ஐந்தாவதான மடிக்கணினியை அந்தக் கடையில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அது பாடப்புத்தகத்திலும் செய்தி வாசிப்பிலும் குடியிருக்கிறது. என் மருமகளின் பயிற்சித்தாள் வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

வந்த சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். அம்மாவுக்கு இலக்கணம் தெரியாது. எஸ்டேட் பள்ளியில் நாலாம் வகுப்போடு சரி. ஆனால் அவர் குடையை வைத்துச் சொன்னதுதான் இந்த வழக்கின் முதல் சாட்சி. தமிழில் இரண்டாக மடித்து வைக்கும் பொருள்களுக்கு வழக்கில் உள்ள அடைமொழி மடக்கு. மடக்குக் கத்தி, மடக்குக் கட்டில், மடக்கு நாற்காலி. மூடித் திறக்கும் குணத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருந்தால் ‘மடக்குக் கணினி’ என்றுதான் வந்திருக்கும்.

இரண்டாவது சாட்சி அந்த ‘க்’. ஊறுகாய் என்கிறோம், ஊறுக்காய் என்பதில்லை. குடிதண்ணீர், எரிபொருள், சுடுகாடு எல்லாம் அப்படித்தான். முதல் பாதி வினையாக இருந்து, ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என்று மூன்று காலத்தையும் வயிற்றில் அடக்கிக்கொண்டு நின்றால் அது வினைத்தொகை. நடுவில் வல்லெழுத்து மிகாது. ஆக, மடிகிற கணினி என்று சொல்ல வேண்டுமானால் ‘மடிகணினி’ என்று எழுத வேண்டும். அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. மடிதல் என்றால் சாதலும்தான். மடிகணினி என்பது செத்த கணினி, செத்துக்கொண்டிருக்கிற கணினி, இனிமேல் சாகப்போகிற கணினி. தவுக்கே கடையில் அடுக்கி வைத்திருப்பவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

நாம் எழுதுவது மடிக்கணினி. மடியில் வைத்து இயக்கும் கணினி என்று விரியும். மடிப்பிச்சை என்ற சொல்லும் இதே அச்சில் வார்த்ததுதான்: மடியில் ஏந்தும் பிச்சை, மடிப்பிச்சை. வேற்றுமை உருபும் அதன் பயனும் மறைந்து நிற்க, அவை இருந்த இடத்துக்கு அடையாளமாக ஒரு ‘ப்’ அல்லது ‘க்’ மட்டும் நிற்கிறது. ஆக அம்மா கட்சி வென்றது என்று தீர்ப்பு எழுதிவிடலாம். ஆனால் நேர்மையாகச் சொன்னால் ஒரு சந்து இருக்கிறது. மடி என்பதற்கு மடிப்பு என்ற பெயர்ச்சொல் பொருளும் உண்டு. அதைக் கொண்டு சேர்த்தாலும் ‘க்’ வரும். மருமகள் அந்தச் சந்தில் நுழைந்து மேல்முறையீடு செய்யலாம். குடைதான் அவளுக்கு எதிராக நிற்கும்.

மடிக்கு வருவோம். தமிழில் இவ்வளவு சுமை தூக்கும் குட்டிச் சொல் அதிகம் கிடையாது. உட்கார்ந்தவரின் தொடை மேல் பிள்ளை படுக்கும் இடம் மடி. மாட்டுக்குப் பால் சுரக்கும் உறுப்பு மடி. மீனவரின் வலையில் மீன் வந்து சேரும் பையும் மடி. ஆசாரக்காரர் வீட்டில் குளித்துக் கட்டும் துணியும் அதன் தீட்டில்லாத நிலையும் மடி. சோம்பலுக்கும் மடி என்றே பெயர். வள்ளுவர் மடியின்மை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். நாள் முழுக்க மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் எழுதாமல் இருக்கும் எங்கள் தொழில்காரர்களுக்கு அந்தக் கடைசிப் பொருள் நன்றாகவே விளங்கும்.

இத்தனைக்கும் நடுவில் நான் பார்த்து வளர்ந்த மடி வேறு. என் பாட்டி கைலிக்கு மேல் இடுப்பில் ஒரு மடிப்பைச் சுருட்டிச் செருகியிருப்பார். அதற்குள் வெற்றிலை, ஒரு சின்னத் தகர டப்பாவில் சுண்ணாம்பு, சம்பளத்தில் மிஞ்சிய வெள்ளி, கூட்டுக் கடைச் சீட்டு, வீட்டுச் சாவி. பால்மரம் வெட்டப் போகும்போதும் இருக்கும், கோயிலுக்குப் போகும்போதும் இருக்கும். ஐஸ் வாங்கக் காசு கேட்டால் விரல் இரண்டை உள்ளே விட்டு, பார்க்காமலே, சரியாக ஒரு பத்துக் காசை எடுப்பார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்ற பழமொழி பிறந்தது இந்த மடியிலிருந்துதான். உட்கார்ந்திருக்கிறவரின் மடியில் கனம் இருந்தால் கால் மரத்துப் போகுமே தவிர வழியில் பயம் எப்படி வரும்?

இங்கே ஆங்கிலத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்பது வீண் போகாது. ‘லேப்’ என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் உடம்பைக் குறிக்கவில்லை, துணியைக் குறித்தது. தொங்கும் துணி, அங்கியின் மடல். கோட்டின் கழுத்து மடிப்பை இன்றும் குறிக்கும் ‘லெப்பல்’ அதன் குட்டி. அங்கியின் முன்மடல் உட்காரும்போது தொடை மேல் விரியும்; அதில் எதையாவது வைத்துக்கொள்வார்கள். போகப்போகத் துணியின் பெயர் தொடைக்கு ஏறிவிட்டது. நம் மடியும் துணிக்கும் தொடைக்கும் இடையில் இப்படியேதான் நடமாடுகிறது. ஒன்றையொன்று பார்க்காத இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலேயன் எழுந்து நின்றால் அவன் ‘லேப்’ காணாமல் போய்விடும். என் பாட்டி எழுந்து நடந்தாலும் மடி கூடவே போகும். போகிற இடத்துக்கெல்லாம் தூக்கிப் போகிற கருவிக்கு எது பொருத்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மலாயின் ‘ரிபா’வும் மடிதான், பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மடி. ஆனால் அரபு மொழியிலிருந்து வந்த இன்னொரு ‘ரிபா’வும் மலாயில் இருக்கிறது. எழுத்து அதே, ஒலி அதே, பொருள் வட்டி. இஸ்லாம் விலக்கிய வட்டி. மாதத் தவணையில் கணினி வாங்கியவர்கள் ‘கொம்பூட்டர் ரிபா’ என்ற பெயரை எந்த ரிபாவோடு சேர்த்துப் படிப்பது என்று நான் என் மலாய் நண்பரிடம் ஒருமுறை கேட்டேன். அவர் கைப்பேசியில் தன் தவணை பாக்கியைத் திறந்து காட்டினார், பதில் சொல்லவில்லை.

பெயர் இருக்கட்டும், பொருள் எப்போது மடிக்கு வந்தது? இதில் தமிழ் வாசகர்கள் அதிகம் அறியாத ஒரு கிளைக்கதை திருவண்ணாமலையில் இருக்கிறது.

ஆர்தர் ஆஸ்போர்ன் என்ற ஆங்கிலேயர் பாங்காக்கில் சூளாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். ரமண மகரிஷியிடம் ஈடுபாடு கொண்ட குடும்பம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அவரைத் தாய்லாந்தில் முகாமில் அடைத்துவிட்டார்கள். போலந்துக்காரரான அவர் மனைவி பிள்ளைகளோடு திருவண்ணாமலையில் இருந்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் 1939-இல் பாங்காக்கில் பிறந்த ஆடம். அருணாசல மலை அடிவாரத்துத் தெருப்பிள்ளைகளோடு விளையாடித் தமிழை வாயோடு கற்றுக்கொண்டவன். கொடைக்கானலில் கான்வென்ட்டில் படித்தவன். பிற்பாடு இங்கிலாந்து, அமெரிக்கா என்று போய் வேதிப் பொறியியல் படித்து, கணினி நூல்கள் எழுதி, பதிப்பகம் நடத்தி, 1981 ஏப்ரலில் ‘ஆஸ்போர்ன் 1’ என்ற கணினியை வெளியிட்டார். வடிவமைத்தவர் லீ ஃபெல்சென்ஸ்டீன். விலை 1,795 டாலர். எழுதவும் கணக்குப் போடவும் வேண்டிய மென்பொருள்களும் அந்த விலைக்குள் அடக்கம். தூக்கிச் செல்லும் கணினிகளில் சந்தையில் வெற்றிபெற்ற முதல் கணினி என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

தூக்கிச் செல்லலாம், சரி. எடை ஏறத்தாழ 11 கிலோ. பார்க்கத் தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். திரை 5 அங்குலம், கடனட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே மின்கலம் கிடையாது, சுவரில் செருகினால்தான் உயிர் வரும். விமான இருக்கைக்கு அடியில் தள்ளலாம் என்பதுதான் அதன் பெருமை. மடியில் வைத்தால் தொடைக்கு ஆபத்து. ஆகவே அதை யாரும் மடியோடு சேர்த்துப் பேசவில்லை. ‘போர்ட்டபிள்’ என்றார்கள், கைவலி கண்டவர்கள் ‘லக்கபிள்’ என்றார்கள், இழுத்துச் சுமக்கக்கூடியது என்ற பொருளில். ஒரு கட்டத்தில் மாதத்துக்குப் பத்தாயிரம் விற்றது. 1983 செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. அடுத்து வரப்போகும் புது மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசி, கையிலிருக்கும் சரக்கைத் தானே விற்காமல் செய்துகொள்வதை வணிக உலகம் இன்றும் ‘ஆஸ்போர்ன் விளைவு’ என்கிறது. உடல் நலம் கெட்ட பிறகு ஆடம் ஆஸ்போர்ன் தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்தார். கொடைக்கானலில் சகோதரியோடு இருந்து, 2003 மார்ச்சில் அங்கேயே இறந்தார்.

மடிப்பு வந்தது 1982-இல். ‘கிரிட் காம்பஸ்’ என்ற கணினியைப் பில் மாக்ரிட்ஜ் வடிவமைத்தார். திரை கீல் வைத்துத் தட்டச்சுப் பலகை மேல் சிப்பிபோலக் கவிழும். விலை 8,150 டாலர். நாசா வாங்கி விண்ணோடத்தில் ஏற்றியது. அடுத்த ஆண்டு, 1983-இல், ‘கேவிலன்’ என்ற நிறுவனம் நான்கு கிலோ எடையுள்ள தன் கணினியை ‘லேப்டாப்’ என்று சொல்லி விற்கப் பார்த்தது. மேசை மேல் இருப்பது டெஸ்க்டாப் என்றால் மடி மேல் இருப்பது லேப்டாப், அவ்வளவுதான் கணக்கு. அந்த நிறுவனமும் சீக்கிரமே நொடித்துப் போனது. சொல் மட்டும் பிழைத்துக்கொண்டது.

கவனித்தீர்களா? அமெரிக்காவில் மடிப்பைக் கொண்டுவந்தது ஒரு கம்பெனி, மடியைக் கொண்டுவந்தது இன்னொரு கம்பெனி. ஆங்கிலச் சொல்லில் மடி மட்டும்தான் ஏறியது, மடிப்பு விடுபட்டுவிட்டது. தமிழில் யாரோ அதைப் பெயர்க்கப் போய், தேடாமலே இரண்டும் ஒரே சொல்லில் வந்து விழுந்திருக்கின்றன. என் மருமகளின் தப்பான விடை இந்த மொழியில் மட்டுமே சாத்தியமான தப்பு.

அக்காவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். “நாங்க அந்தச் சாமானத்த மடியில வெச்சதே இல்லயே தம்பி.”

அக்கா பதினெட்டு வயதில் ‘மின்னியல் பேக்டரி’க்குப் போனவர். 1990-களின் கடைசி. விடியற்காலையில் சுங்கை பாக்காப் முச்சந்தியில் பேக்டரி பஸ் வரும். இருட்டில் தோட்டத்துப் பிள்ளைகள், கம்பத்து மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள் எல்லாரும் ஏறித் தூங்கிவிடுவார்கள். பினாங்குப் பாலத்தின் நடுவில் விடியும். அந்தக் கரையில் பாயான் லெப்பாஸ். 1972-இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அங்கேதான் அமைத்தது, ஐந்து ஏக்கர் நிலத்தில். இன்டெலையும் அதையொட்டி வந்த எச்பி, ஏஎம்டி, ஹிட்டாச்சி, போஷ் போன்றவற்றையும் சேர்த்து அந்த எட்டு நிறுவனங்களைப் பினாங்கில் ‘எட்டு சாமுராய்’ என்றே சொல்வார்கள். டெல் 1995-இல் வந்தது. அதன் பிறகு உலகத்தின் எந்த மூலையிலோ ஒருவர் மடிக்கணினியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மலேசியாவின் பெயர் இருக்கும் வாய்ப்பு நிறையவே இருந்தது.

தாமஸ் ஃபிரீட்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அப்படித்தான் திருப்பிப் பார்த்தார். 2004-இல் தான் வாங்கிய டெல் இன்ஸ்பிரான் 600எம் எங்கே பிறந்தது என்று தேடிக்கொண்டு போனவர் வந்து நின்ற இடம் பினாங்கு. 2005-இல் வெளிவந்த, உலகம் தட்டையாகிவிட்டது என்று வாதிடும் தன் நூலில் அந்தக் கதையை எழுதினார். அந்த ஒரு கணினிக்குப் பின்னால் ஏறத்தாழ நானூறு நிறுவனங்கள் இருந்தனவாம்.

நானூறு நிறுவனத்துச் சாமான்களும் கடைசியில் ஒரு வரிசையில் நிற்கும் பெண்களின் விரலுக்கு வரும். அக்காவின் வேலை மூடியும் உடலும் சேரும் இடத்தில். இடது மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து சுருள் கம்பி மேசைக்குப் போகும். உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் பாகங்களைத் தாக்கிவிடாமல் இறங்கிப் போவதற்கு. வலது கையில் தொங்கும் மின்திருப்புளி. இரண்டு கீல், கீலுக்கு இத்தனை திருகு, பிறகு மூடியை ஒருமுறை மூடித் திறந்து பார்க்க வேண்டும். உரசல் இருக்கிறதா, தொளதொளக்கிறதா என்று விரலுக்கே தெரியும், காது தேவையில்லை என்பார். மடியில் வைத்தால்? “சூப்பர்வைசர் கொன்னுடுவாரு. துணியில கரண்ட் இருக்கும். மேட்டு மேலதான் வெக்கணும்.” வரிசையில் அதற்குப் பெயர் ‘நோட்புக்’, அவசரத்தில் வெறும் ‘யூனிட்’. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் மடித்துப் பார்த்த பெண் அக்கா. சொந்தமாக ஒன்று வாங்கியது 2021-இல், மகளுக்காக.

ஆகவே ‘மடித்து வைக்கும் கணினி’ என்று மகள் எழுதியதில் தாயின் கைப்பழக்கம் கொஞ்சம் இருக்கலாம்.

தயாரிக்கிறவர்களும் பல நேரம் ‘நோட்புக்’ என்கிறார்கள். 1980-களின் கடைசியில் எடை இரண்டு கிலோவுக்கு இறங்கியபோது அந்தப் பெயர் வந்தது. நோட்டுப் புத்தகம் சுடாது, மடிக்கணினி சுடும். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் மாதக்கணக்கில் மடியில் வைத்து விளையாடித் தொடைத் தோல் வலைபோலக் கறுத்துப்போனதைச் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 2010-இல் குழந்தை மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். மடியில் வைக்கத்தான் பெயர் வைத்தார்கள், பிறகு மடியில் வைக்காதே என்று கையேட்டில் அச்சடித்தார்கள்.

பின்பாதியைச் சொல்லாமல் விட்டால் மருமகள் கேட்பாள். கணினி. கணித்தல் என்ற வினையிலிருந்து வந்தது. கணிப்பான், கணிப்பொறி, கணினி, இலங்கையில் கணனி என்று பல வடிவம் எடுத்து, இன்று பெரும்பாலும் கணினியில் வந்து நிற்கிறது. கணிப்பொறி போனதில் எனக்கு வருத்தம் உண்டு. பொறி என்றால் இயந்திரமும்தான், எலி மாட்டுவதும்தான். இரண்டு பொருளும் பொருந்தியது.

கணிப்பது முதலில் மனிதன் செய்த வேலை. கணியன் என்றால் நாளும் கோளும் கணிப்பவன். சங்கப் புலவர் ஒருவர் பெயரிலேயே அந்தத் தொழில் ஒட்டியிருக்கிறது. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி தமிழைக் கணினிக்குக் கொண்டுவரப் பாடுபட்டபோது தன் மென்பொருளுக்குக் ‘கணியன்’ என்றே பெயர் வைத்தார். ஆங்கிலத்திலும் அப்படித்தான், 1613-இல் அச்சில் முதன்முதலாக வந்த ‘கம்ப்யூட்டர்’ ஒரு மனிதன், கணக்குப் போடுகிற ஆள். சென்னையில் 1802-இல் தொடங்கிய மாபெரும் நில அளவைப் பணியில் 1831-இல் சேர்ந்த வங்காளி இளைஞர் ராதாநாத் சிக்தாருக்கு வேலைப் பெயரே ‘கம்ப்யூட்டர்’. எவரெஸ்ட் உயரக் கணக்கோடு பின்னால் பேசப்பட்டவர் அவர்தான்.

எனக்குப் பிடித்த கணினி புதுச்சேரியில் இருந்தது. சென்னை வானாய்வகத்தில் இருந்த ஜான் வாரன் 1825-இல் ‘கால சங்கலித’ என்ற பஞ்சாங்க நூலை வெளியிட்டார். அதில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றிச் சொல்கிறார். அவரிடம் தாளில்லை, எழுதுகோலில்லை. தரையில் சோழிகளைப் பரப்பிக்கொண்டார். எண்களை எழுத்துகளாக மாற்றிக் கோத்த வாக்கியங்கள் மனப்பாடம். வாய் முணுமுணுக்கும், கை சோழியை நகர்த்தும். அப்படியே அந்த ஆண்டின் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். தொடக்கம் நான்கு நிமிடம்தான் பிசகியது. நடு 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. ஏன் அப்படிச் செய்கிறோம் என்ற கோட்பாடு அவருக்குத் தெரியவில்லை, செய்யத் தெரிந்தது என்று வாரன் வியந்திருக்கிறார். 1952-இல் ஓட்டோ நாய்கபவர் என்ற அறிவியல் வரலாற்றாளர் இதை எடுத்துத் தமிழர் வானியல் பற்றிக் கட்டுரையே எழுதினார். நிரல் மண்டையில், நினைவகம் வாக்கியத்தில், இயக்கம் தரையில். கணித்து முடித்ததும் அந்தச் சோழிகளை அவர் எங்கே முடிந்து வைத்திருப்பார் என்று வாரன் எழுதவில்லை. வேட்டி கட்டிய மனிதர். எனக்குச் சந்தேகமே இல்லை.

கணியனும் சோழியும் நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐஸ்லாந்து மொழியில் கணினிக்கு ‘தோல்வா’ என்று பெயர். எண் என்பதற்கான சொல்லையும் குறி சொல்கிறவள் என்பதற்கான பழஞ்சொல்லையும் ஒட்டி, 1960-களில் சிகுர்துர் நோர்டால் என்ற அறிஞர் உண்டாக்கியது. எண்குறிகாரி. மடிக்கணினிக்கு அங்கே மடியும் இல்லை மடிப்பும் இல்லை. ‘ஃபார்தோல்வா’, ஊர் சுற்றும் எண்குறிகாரி. கூடையும் கோலுமாக நம் தெருவில் வருகிறவளை எனக்கு நினைவுபடுத்தியது.

மடிக்கணினி என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்தது இலக்கணம் அல்ல, தமிழ்நாட்டு அரசியல். 2011 தேர்தலில் ஜெயலலிதா வாக்குறுதி தந்து, அந்த ஆண்டு செப்டம்பர் 15-இல் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியோடு சேர்த்து மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கினார். ‘இலவசம்’ என்று சொல்லக் கூடாது, ‘விலையில்லா மடிக்கணினி’ என்றார்கள். அதன்பின் பெட்டிக்கடைச் சுவரொட்டியில், தொலைக்காட்சிச் செய்தியில், பேருந்துப் பேச்சில் எல்லாம் சொல் ஏறிவிட்டது. பின்னால் வந்த அரசும் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. எத்தனை பேரவைத் தீர்மானம் போட்டாலும் நடக்காததைப் பொருளைக் கையில் கொடுத்துச் சாதித்தார்கள். சொல்லோடு பொருளும் வந்தால்தான் சொல் வீட்டில் தங்கும்.

இங்கே பொருள் வந்த கதை வேறு. 2010 வாக்கில் அரசாங்கம் வசதி குறைந்த குடும்பங்களுக்கு ‘ஒரே மலேசியா நெட்புக்’ கொடுத்தது. பெயரே நெட்புக், தமிழுக்கு இடமில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வீட்டிலிருந்தே படிப்பு. எங்கள் பக்கத்து லயத்தில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி; அதுவும் அப்பா வேலை முடிந்து வந்தால்தான். 2021 பட்ஜெட்டில் 500 பள்ளிகளுக்கு 1,50,000 மடிக்கணினி என்ற திட்டம் வந்தது. தமிழ் நாளிதழ்கள் நாள்தோறும் மடிக்கணினி, மடிக்கணினி என்று எழுதிய காலம் அதுதான். பிள்ளைக்குக் கிடைக்குமா என்று பெற்றோர் மடியேந்தி நின்ற காலமும் அதுதான். உலகத்துக்கெல்லாம் மடிக்கணினி பூட்டி அனுப்பிய கரைக்கு எதிர்க்கரையில் இருந்துகொண்டு நாங்கள் அதைச் செய்தித்தாளில் படித்தோம். அக்கா அப்போதுதான் சேமிப்பை உடைத்து ஒன்று வாங்கினார். தவுக்கே கடையில், பழையது, கீல் கொஞ்சம் தொளதொளத்தது. அக்காவே திருப்புளி வாங்கி முறுக்கிக்கொண்டார்.

பயிற்சித்தாள் திருத்தி வந்துவிட்டது. மருமகளின் விடைக்குச் சிவப்பில் ஒரு பாதிச் சரி, பாதித் தப்புக் குறி. ஆசிரியர் ஓரத்தில் ‘மடி + கணினி’ என்று மட்டும் எழுதி, விளக்கத்தை அப்படியே விட்டிருந்தார். அவரும் என்னைப்போலக் கோப்பி கலக்கப் போய்விட்டார் போலிருக்கிறது.

நேற்று இரவு அக்காவுக்குப் பத்து காவானில் இரவு ஷிப்ட். எட்டரை மணி ஓய்வு நேரத்தில் மகளோடு முகம் பார்த்துப் பேசுவது வழக்கம். மேசையில் என் தாள்கள் பரந்து கிடந்ததால் மருமகள் கணினியைத் தூக்கிக்கொண்டு அஞ்சடிக்குப் போனாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம், “கொஞ்சம் புடிங்க, மடியில வெக்கிறேன்” என்றாள்.

“இரு, இரு” என்றார் அம்மா. இடுப்பில் செருகியிருந்ததை அவிழ்த்துச் சாவிக்கொத்தையும் மருந்துச் சீட்டையும் எடுத்து ஓரமாக வைத்தார். தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்துத் தொடை மேல் விரித்தார். இரண்டு தட்டுத் தட்டிச் சமமாக்கினார்.

“ம்… இப்ப வை.”